காலாண்டு சாரின் ஏறாத சர்க்கரை

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பட்டியலிடப்பட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த நகரில், என் எதிர்வீட்டுக்காரர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தன்னைப் பற்றிய முடிவுகளை உலகத்துக்கு வெளியிடுவார். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, நடந்த தூரம், மனைவியோடு போட்ட சண்டைகள். எல்லாமே போன காலாண்டைவிடக் கொஞ்சம் மேலாக இருக்கும். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் அவருடைய மேதைமை இருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. சிலிண்டர் போடுகிறவர் முதல் கோயில் குருக்கள் வரை எல்லோருக்கும் அவர் காலாண்டு சார்.

நான் அரசுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பஞ்சாயத்து யூனியன்களில் தெருவிளக்கு வாங்கிய கோப்புகளைப் பார்த்தே தலை நரைத்தவன். ஒரு ரசீதைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாலும் அதில் ஒரு தணிக்கைத் தடை எழுப்பிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. என் மனைவி இன்றுவரை மளிகைச் சீட்டை என் கண்ணில் காட்டியதில்லை. அப்படிப்பட்ட என் கண்ணெதிரே, வாசலுக்கு வாசல், இந்த மனிதர் மூன்று வருஷம் கணக்கு காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பம்பு செட்டு செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் கணக்குப் பிரிவின் தலைவராக இருந்தவர். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி. அவர் அந்த நாற்காலியில் இருந்த காலம் முழுவதும் கம்பெனியின் லாபம் ஒரு காலாண்டில்கூட இறங்கவில்லை. மழை பெய்தாலும் ஏறியது. பெய்யாவிட்டாலும் ஏறியது. கிணறுகள் நிரம்பி யாரும் பம்பே வாங்காத வருஷத்திலும், ஊர்வலத்தில் போகிற யானை மாதிரி நிதானமாக ஏறிக்கொண்டே இருந்தது.

எப்படி என்று ஒருநாள் ஏழுமலையின் டீக்கடையில் கேட்டேன். பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். நல்ல வருஷம் வந்தால் முழு லாபத்தையும் காட்டக் கூடாது. வாராக்கடன் ஜாஸ்தியாகும் என்று பயந்த முகத்தோடு ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். விற்ற பம்பெல்லாம் ரிப்பேருக்கு வரும் என்று இன்னொரு தொகையை ஒதுக்க வேண்டும். கெட்ட வருஷம் வந்தால், பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை என்று பெருமூச்சு விட்டு, ஒதுக்கியதை எடுத்து லாபத்தில் சேர்க்க வேண்டும். அப்படியும் போதாவிட்டால் இயந்திரங்களின் ஆயுளை நீட்டலாம். போன வருஷம் பத்து வருஷம் உழைக்கும் என்று எழுதிய லேத் மிஷின் இந்த வருஷம் திடீரென்று ஆரோக்கியம் கூடிப் பதினைந்து வருஷம் உழைக்கும். தேய்மானச் செலவு குறையும். லாபம் ஏறும். அதுவும் போதாவிட்டால் மார்ச் கடைசி நாள் சாயங்காலம் லாரிகளில் சரக்கேற்றி கேட்டுக்கு வெளியே அனுப்பலாம். கேட்டைத் தாண்டினால் விற்பனை. டிரைவர்கள் எதிரே டீ குடித்துவிட்டு, புது நிதியாண்டு பிறந்ததும் லாரியைத் திருப்பி உள்ளே கொண்டுவந்தால் அது அடுத்த வருஷத்துப் பிரச்சினை.

"பொய்க் கணக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

"பொய்யில்ல சார். மதிப்பீடு" என்றார். அவர் முகத்தில் சின்ன வருத்தம்கூடத் தெரிந்தது. ஒரு வித்வானிடம் போய் நீ சும்மா கத்துகிறாய் என்று சொன்னால் வருமே, அந்த வருத்தம்.

ஓய்வு பெற்றால் மனிதர்கள் பழக்கத்தை விட்டுவிடுவார்கள் என்று அரசாங்கம் நம்புகிறது. காலாண்டு சார், ஏற்ற இறக்கம் தெரியாமல் சமன்படுத்த இனி ஒரு கம்பெனி இல்லாததால், தன்னையே சமன்படுத்த ஆரம்பித்தார். யாராவது நல்ல நகைச்சுவை சொன்னால் பாதிதான் சிரிப்பார். மீதியை ஒதுக்கி வைத்து, மறு வாரம் நான் அறுவையாக ஏதாவது சொல்லும்போது எடுத்துச் சிரிப்பார். டீக்கடையில் இருக்கும் மற்றவர்கள் என்னை அபார ஹாஸ்யக்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள். மனைவி பத்மா அம்மாளோடு பெரிய சண்டை வருகிற மாதிரி இருந்தால் அதைப் பிரித்து மூன்று சின்னச் சண்டைகளாகப் போடுவார். "ஒரேடியா கத்தித் தீத்துட்டா எனக்கும் நிம்மதியா இருக்கும்" என்று அந்த அம்மாள் என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டதுண்டு.

ஆனால் அவருடைய உச்சகட்ட சாதனை சர்க்கரை.

அவருடைய ஒரே மகள் வித்யா பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். வயதான இருவரும் தனியாக இருக்கிறார்களே என்ற பயத்தில் அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரை ரிப்போர்ட்டை போனில் அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் அவளுடைய பதினாலாவது மாடிக்கு வந்துவிட வேண்டும். ஒரு தடவை அங்கே போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தவர் காலாண்டு சார். திரும்பி வந்ததும், லிப்டில் ஏறுகிறவர்கள் ஒருவர்கூடத் தன்னிடம் பேசவில்லை என்றார். பேசியிருந்தாலும் அவர்களிடம் வெளியிட இவரிடம் முடிவுகள் எதுவும் தயாராக இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு பதினாலாவது மாடி. மலையைப் பார்க்காமல் தனக்குக் காபி இறங்குவதில்லை என்று ஏழுமலையிடம் சொன்னாராம். ஏழுமலை அதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். ஏழுமலை சிரிக்கவில்லை.

ஆகவே சர்க்கரை ஏறவே கூடாது. ரிப்போர்ட் எடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே காலாண்டு சார் கேழ்வரகுக் கஞ்சிக்கும் பாகற்காய்க்கும் மாறிவிடுவார். நடையை இரட்டிப்பாக்குவார். ரிப்போர்ட் பிரமாதமாக வரும். இதிலென்ன விசேஷம், ஊரில் எல்லா சர்க்கரைக்காரரும் செய்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை ரிப்போர்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் ஏழுமலை கடையில் ஒரு லட்டை வாங்கிப் பாதி சாப்பிட்டதைப் பார்த்தேன். நாளைக்கு டெஸ்ட் இல்லையா என்று பதறினேன்.

"இந்தத் தடவை ரொம்பக் கம்மியா வந்துடும் போல இருக்கு சார். அப்புறம் அடுத்த காலாண்டுல அதைவிடக் கம்மியா எதிர்பார்ப்பாங்க. எங்க போறது?" என்றார்.

அந்தப் பாதி லட்டைப் பற்றி யாராவது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும்.

கம்பெனிகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனிதர் பொய்யே பேசமாட்டார். தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சாதிக் பாய் செல்போனில் பங்கு வாங்கிப் பழகியிருந்தார். சாயங்காலங்களில் எங்களோடு வந்து உட்காருவார். ஏதோ ஒரு கம்பெனியின் லாபம் வருஷா வருஷம் கூடுகிறது, மொத்தமாகப் போடலாமா என்று கேட்டார். காலாண்டு சார் பாயின் போனை வாங்கி அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தார். பிறகு நான்கு கேள்வி கேட்டார். மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு லாபம் ஏறினால் போனஸ் உண்டா? கடன் கொடுத்தவன் ஏதாவது நிபந்தனை போட்டுக் கழுத்தில் கை வைத்திருக்கிறானா? கணக்கைச் சரிபார்க்கிற ஆடிட்டரைப் பொறுக்கி எடுத்தது யார்? இயக்குநர் குழுவில் வெளியாள் என்று உட்கார வைத்திருக்கிறவர் நிஜமாகவே வெளியாளா, இல்லை முதலாளியோடு ஒன்றாகச் சாப்பிடுகிறவரா?

"நாலுக்கும் பதில் சரியில்லன்னா, அந்த லாபம் அந்த கம்பெனி சம்பாதிச்சது இல்ல பாய். என்ன மாதிரி ஒருத்தன் சம்பாதிச்சுக் குடுத்தது" என்றார்.

பாய் பணத்தைப் போடவில்லை. சில மாதங்களில் அந்தப் பங்கு சரிந்தது. அன்று முதல் பாய் அவருக்குத் தன் கடைப் பாத்திரத்தில் தள்ளுபடி கொடுக்க ஆரம்பித்தார். பத்மா அம்மாளிடம் தேவைக்கு மேல் எவர்சில்வர் அடுக்கு சேர்ந்தது அப்படித்தான்.

ஒருநாள் வேறு வேலையாக நான் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் போகிற மாதிரியான ஒரு கபே. மூங்கில் தட்டி, தரையில் மெத்தை. அதில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்கு நடுவில், வேட்டியை மடித்துச் சம்மணம் போட்டு, சாக்லேட் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் காலாண்டு சார். என்னைப் பார்த்ததும் கரண்டி நின்றது. பிறகு, தன்னைச் சமாளித்துக்கொண்டு விளக்கினார். வேங்கிக்கால் எல்லைக்குள் அவர் இனிப்பே தொடுவதில்லை. தாய்க் கம்பெனியின் கணக்கு சுத்தம். இது துணை நிறுவனம். நஷ்டங்களை இங்கே நிறுத்தி வைப்பது வழக்கம்.

அப்போதே நான் ஒரு தடை எழுப்பியிருக்க வேண்டும். கேக் நன்றாக இருந்தது.

போன கார்த்திகைக்கு முந்தைய பௌர்ணமிக்குப் பத்மா அம்மாளும் அவரும் கிரிவலம் போனார்கள். கிரிவலம் போகிறவர்கள் செருப்பு போடுவதில்லை. மலையே சாமி என்பதால் பதினாலு கிலோமீட்டரும் வெறுங்கால். அவரும் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து, எப்போதும் போல, முந்தைய பௌர்ணமியைவிடச் சற்றுச் சீக்கிரமாக முடித்துவிட்டதாக அறிவித்தார்.

அதற்குப் பிறகு ஒரு விநோதம் நடந்தது. திருவண்ணாமலை வெயிலில், வீட்டில் வெறுங்காலோடு திரிகிற மனிதர், சாக்ஸ் போட ஆரம்பித்தார். டீக்கடைக்குச் சாக்ஸ். மாடிக்குத் துணி காயப்போடச் சாக்ஸ். கோயிலுக்கு மட்டும் வருவதில்லை, கூட்டம் ஜாஸ்தி என்றார். கோயிலில் கூட்டம் கம்மியாக இருந்து நான் பார்த்ததே இல்லை என்பதால் அந்தக் காரணம் எனக்கு உதைத்தது. என் உத்தியோகத்தில் ஒரு பாடம் உண்டு. ஒரு ஆபீசில் திடீரென்று ஒரு அலமாரிக்குப் புதுப் பூட்டு வந்தால் அந்த அலமாரியைத்தான் முதலில் திறக்கச் சொல்ல வேண்டும்.

"சாக்ஸைக் கழட்டுங்க" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னேன்.

"குளிருது சார்."

"ஏழுமலை பனியனோட நிக்கறான். உங்களுக்கு மட்டும் குளிருதா?"

ஏழுமலை கல்லாவை விட்டு வந்தான். "இன்னா சார், ஆடிட் சார் கேக்கறாரு, காட்டேன்" என்றான். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழற்றினார். வலது கால் பெருவிரலுக்கடியில் ஒரு புண். கல் குத்தியிருக்கிறது. கால் மரத்துப்போயிருந்ததால் குத்தியபோது அவருக்குத் தெரியவில்லை. சுற்றிலும் கறுத்திருந்தது. ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கே பத்மா அம்மாளையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று வருஷமாக அவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை என்பது அங்கே போகும் வழியில்தான் தெரிந்தது. ரிப்போர்ட் நன்றாக இருப்பவனுக்கு டாக்டர் எதற்கு என்று, பழைய சீட்டைக் காட்டியே அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். காலைப் பார்த்ததும் முகம் இறுகியது. ரிப்போர்ட் இருக்கிறதா என்றார். காலாண்டு சார் போனில் இருந்து மூன்று வருஷத்து ரிப்போர்ட்களை வரிசையாகக் காட்டினார். ஒன்றைவிட ஒன்று துளி கம்மி. படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கி வந்தன.

"இவ்ளோ கட்டுப்பாட்டுல இருக்கறவருக்கு இந்தப் புண் ஏன் ஆறல?" என்றார் டாக்டர். பதிலை எதிர்பார்க்காமல் வேறொரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் பரிசோதனை.

முடிவு வந்தபோது டாக்டர் அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. எட்டாத உயரத்தில் உட்கார்ந்திருந்தது.

"இது மூணு மாசத்துக்கும் சேத்துச் சொல்லும் சார். முந்தின வாரம் கஞ்சி குடிச்சு இதை மாத்த முடியாது."

காலாண்டு சார் அந்தத் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் இருந்தது மரியாதை.

"கம்பெனிங்களுக்கு இப்படி ஒரு டெஸ்ட் இருந்திருந்தா எனக்கு வேலையே கெடச்சிருக்காது டாக்டர்" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. பத்மா அம்மாளுக்குப் புரிந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், ஒரு கணக்க நம்பலாமான்னு தெரியணும்னா நாலு கேள்வி கேக்கணும்னு இவர் ஊருக்கெல்லாம் சொல்லுவாரு. நான் கேக்கறேன், கேளுங்க. போனஸ் உண்டா? உண்டு. ரிப்போர்ட் நல்லா வந்தா நான்தான் சந்தோஷப்பட்டு பாயசம் வெச்சுக் குடுத்தேன். கழுத்துல கை வெச்சது யாரு? எங்க பொண்ணு. சர்க்கர ஏறினா பெங்களூருக்கு வந்துடணும்னு கண்டிஷன். எந்த லேபு, எந்த நாளு, எந்த டெஸ்ட்டுன்னு முடிவு பண்ணது யாரு? இவரேதான். அப்புறம் வெளியாள்" என்று சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினார். "இதோ உக்காந்துருக்காரு. சாயந்திரம் ஆனா ரெண்டு பேரும் ஒரே தட்டுல பஜ்ஜி."

அரசாங்க வேலையில் எத்தனையோ பேரிடம் நான் விளக்கம் கேட்டிருக்கிறேன். அன்று என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. கேக்கைப் பற்றி அந்த அம்மாளுக்குத் தெரியாது என்பது மட்டுமே ஒரே ஆறுதல்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். இன்சுலின் போட வேண்டும். தினமும் கட்டு மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் புண் சுருங்க ஆரம்பிக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். இன்னும் விட்டால் விரலோடு நிற்காது. உண்மையான அளவு தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும். தினமும் வீட்டிலேயே குத்திப் பார்த்து, வந்ததை வந்தபடி எழுத வேண்டும்.

"வந்ததை வந்தபடியா?" என்றார் காலாண்டு சார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு உத்தரவை யாரும் போட்டதில்லை.

இனி மகளிடம் சொல்ல வேண்டும். அவருக்கு விரல் போவதைவிட அதுதான் பெரிதாக இருந்தது. சொன்னால் பதினாலாவது மாடி. சொல்லாவிட்டால் கால். அன்று சாயங்காலம் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனில் முகம் பார்த்துப் பேசினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எழுந்து நின்று அறிக்கை வாசிக்கிறவர் மாதிரி ஆரம்பித்தார். முந்தைய காலாண்டுகளுக்கு வெளியிடப்பட்ட முடிவுகள், சில மதிப்பீடுகளில் ஏற்பட்ட மாற்றங்களின் காரணமாகத் திருத்தி வெளியிடப்பட வேண்டிய...

"அப்பா, என்னன்னு சொல்லுப்பா" என்றாள் வித்யா.

அவர் நிறுத்தினார். 

"பொய் சொல்லிட்டேம்மா" என்றார்.

தன் கணக்கைப் பொய் என்று அவரே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்மா அம்மாள் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். காலாண்டு சார் போனைக் கீழே திருப்பிக் காலைக் காட்டினார்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்குப் போன வருஷமே சந்தேகம்தான்பா. மனுஷ ரத்தம் அப்படியா நேர்கோடு போட்ட மாதிரி எறங்கும்? கேக்கறதுக்கு பயம். கேட்டா உன்ன அங்கேர்ந்து பிடுங்கிட்டு வரணும். அப்படின்னு நான்தான சொல்லி வெச்சேன்."

"அப்ப காலி பண்ணிடலாமா?" என்றார் அவர். 

"வேணாம். கண்டிஷன மாத்தறேன். சர்க்கர ஏறினா ஏறட்டும், எனக்கு அன்னைக்கே தெரியணும். மறச்சா மட்டும்தான் பெங்களூர். ஏறினதுக்காக இல்ல, புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினார். எனக்கும் புரிந்தது. எத்தனையோ விதிகளைக் கரைத்துக் குடித்தவன் நான். எண்ணுக்குத் தண்டனை வைத்தால் எண்ணைத்தான் திருத்துவார்கள், மறைத்ததற்குத் தண்டனை வைத்தால் மனிதர்கள் வாயைத் திறப்பார்கள் என்று எந்த விதிப் புத்தகத்திலும் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாக எழுதிக் காட்டியதில்லை.

முதல் வாரம் புண் அசையவில்லை. இரண்டாவது வாரம் டாக்டர் விரலைப் பற்றி மறுபடியும் பேசினார். கட்டு மாற்றுகிற நாட்களில் நானோ சாதிக் பாயோ கூடப் போவோம். கத்தரியின் சத்தம் கேட்டதும் காலாண்டு சார் எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் பழகினார். அதுவே பெரிய முன்னேற்றம் என்றார் பத்மா அம்மாள். மூன்றாவது வாரம் ஒருநாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் சிவப்பாகப் புதுத் தோல் வருகிறது என்றார். விரலை எடுக்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. சாதிக் பாய் வெளியே வந்து யாருக்கோ போன் பண்ணுகிற மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலாண்டு சாரின் முடிவுகள் வருகின்றன. ஏறுகின்றன, இறங்குகின்றன, சில நாள் கன்னாபின்னாவென்று குதிக்கின்றன. "இன்று ஜாஸ்தி. காரணம்: மூன்றாம் வீட்டு வளைகாப்பு" என்று ஒருநாள் போட்டார். அதற்கு எல்லோரும் கை தட்டுகிற படம் அனுப்பினார்கள். நகைச்சுவைக்கும் முழுதாகச் சிரிக்கிறார். அதனால் என் அறுவைகளுக்கு இப்போதெல்லாம் சிரிப்பே வருவதில்லை. என் மதிப்பு டீக்கடையில் பலமாகச் சரிந்திருக்கிறது.

போன மாதம் டாக்டர் அவரை நடக்க அனுமதித்தார். நல்ல ஷூ போட்டுக்கொண்டு, மெதுவாக. காலையில் நாங்கள் இருவரும் ரமணாசிரமத்து வாசலில் இருந்து கிரிவலப் பாதையில் நிருதி லிங்கம் வரை போவதாகத் திட்டம். முந்தின நாள் அதுவரை போயிருந்தோம். அதற்கு முன்பே வரும் யம லிங்கத்தைத் தாண்டியதும் அவர் நின்றார். மலையைப் பார்த்தார். பிறகு ஷூவைப் பார்த்தார்.

"சார், இன்னைக்கு இவ்ளோதான் முடியுது. நேத்தவிடக் கம்மி" என்றார். சாதாரணமாக, மணி என்ன என்று சொல்கிறவர் மாதிரி சொன்னார். "நீங்க வேணா போய்ட்டு வாங்க. நான் உக்காந்துருக்கேன்."

பாதையோரம் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. எனக்கும் முழங்கால் ஒரே வலி சார், நல்லவேளை நீங்களே நின்றீர்கள் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முழங்காலில் எந்தக் கோளாறும் இல்லை. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருப்பேன். வெயில் ஏறும் வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.